ட்ரம்மில் இறக்கிய மோட்டார்

தங்கையின் கணவர் வாங்கிய பழைய படகு மோட்டார் ஐந்தே நிமிடத்தில் கொதித்தது. சூட்டைத் தணித்துவிட்டு வெளியேற வேண்டிய தண்ணீர் பக்கத் துளையில் வரவில்லை. பட்டறையில் கழற்றிப் பார்த்தேன். தண்ணீரை மேலேற்றும் ரப்பர் சக்கரம் பல் உதிர்ந்து கிடந்தது.

"அண்ணே, போன தடவை நடுக்கடல்ல மோட்டார் நின்னு ரெண்டு நாள் மிதந்தாரு. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது," என்றாள் தங்கை.

"மச்சான் கை வச்சா கல்லுலயும் தண்ணி வரும்டி," என்றார் அவள் கணவர்.

அவருடைய கிண்டலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பூட்டி முடித்தேன். ட்ரம் தண்ணீரில் இறக்கிக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினேன். துளையில் தண்ணீர் பீறிட்டது. தங்கை மூச்சுவிட்டாள்.

கை துடைக்கத் திரும்பினேன். மேசையில், நான் மாட்டியிருக்க வேண்டிய புதிய சக்கரம் உறை பிரிக்காமல் இருந்தது. பழையது அதன் பக்கத்தில் இருந்தது.

மோட்டாரை அணைத்தேன். தண்ணீர் நிற்கவில்லை. ட்ரம்மிலிருந்து தூக்கினேன். அப்போதும் நிற்கவில்லை.

"மிச்சம் வடியுது, வேறென்ன?" என்று அவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு நடந்தார்.

"இறக்குங்க மாப்ள! உள்ள சக்கரமே இல்ல!"

"தண்ணி வருதுல்ல மச்சான்?"

தங்கை அவர் பின்னால் ஓடினாள். தெருமுனையில் நான் அவர்களை எட்டிப்பிடித்தபோது தண்ணீர் எங்கள் கணுக்காலுக்கு மேலே வந்திருந்தது.