ஒரே ஒரு பிளக் பாயின்ட்

என் சார்ஜரை மறுபடியும் பிடுங்கிப் போட்டிருந்தார், அந்த மூன்றாம் மாடிக் கிழவர் தைஸ்தோ.

எங்கள் கட்டடத்துக் கீழ்த்தள வண்டி அறையில் இருப்பதே ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் அவருடைய வெள்ளை சார்ஜர் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அதன் வயர், அடுத்தடுத்து நின்ற எங்கள் வண்டிகளுக்கு நடுவே போய் மறைந்தது. என்னுடையது தரையில்.

எங்கள் ஊர் கயானியில் அக்டோபரில் பனி விழுந்தால், பைக் ஏப்ரல் வரை எழுந்திருக்காது. அதுவரை பேட்டரிக்குக் கரண்ட் காட்டாவிட்டால் செத்துப்போகும். என் பைக் செத்தால் என் வேலையும் போச்சு. மே மாதம் மர ஆலையில் சேரச் சொல்லியிருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர். பஸ் கிடையாது.

"தைஸ்தோ கரண்ட் திருடுறாரும்மா."

"அவர்கிட்டயே போய்க் கேளேன்டி, ஹில்லா."

"பன்னெண்டு வருஷமா இந்த பில்டிங்ல இருக்கோம். நீ யார்கிட்டயாவது பேசியிருக்கியா?"

"ஏன், வணக்கம் சொல்லியிருக்கேனே."

"எப்போ?"

"லிஃப்ட் நடுவுல நின்னுச்சே, அன்னிக்கு." அம்மா சிரித்துவிட்டாள். "ஸ்கூலை விட்டே. அந்த வாயையும் சேர்த்து விட்டிருக்கலாம்."

எங்கள் ஊரில் கோபம் வந்தால் யாரும் கத்துவதில்லை. எழுதி, வாசல் போர்டில் ஒட்டுவோம். நானும் ஒட்டினேன்: 'பொது பிளக்கைச் சொந்தமாக்கிக்கொண்ட மூன்றாம் மாடிக்காரர் வெட்கப்படவும்.'

பேர் போடவில்லை. மூன்றாம் மாடியில் பைக் வைத்திருப்பது ஒரே ஆள்தான்.

கட்டடமே நின்று படித்தது. பதில் மட்டும் வரவில்லை.

அப்புறம் குளிர்காலம் முழுக்கச் சண்டைதான். நான் போனால் அவருடையதைப் பிடுங்கி என்னுடையதைச் சொருகுவேன். மறுநாள் பார்த்தால் என்னுடையது தரையில் கிடக்கும். பழைய சாமான் சந்தையில் ஐந்து யூரோவுக்கு வாங்கிய என் இரும்புப் பெட்டி சார்ஜர், பாவம், அத்தனை தடவை விழுந்தும் உடையவில்லை.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. திங்களன்று வேலை. வண்டி அறைக்குப் போனேன். கடைப் பை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு தைஸ்தோவும் வந்தார்.

சாவியைத் திருகி பட்டனை அழுத்தினேன்.

முதல் அழுத்தலிலேயே வண்டி கர்ஜித்தது!

"பாத்தீங்களா?" என்று கத்தியேவிட்டேன். "நீங்க பிடுங்கிப் பிடுங்கிப் போட்டும், என் சார்ஜர் காப்பாத்திடுச்சு!"

"நல்லது," என்றார். பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது. பனி விழுந்ததுலேர்ந்து வீட்லதான் இருந்துச்சு. சமையல் மேசைக்கு அடியில."

"அப்போ அந்த வெள்ளை சார்ஜர் யாருக்கு?"

"ஒரு தடவையாவது உன் வண்டி சீட்டைத் தூக்கிப் பார்த்தியா நீ?"

அக்டோபரில் சார்ஜர் கிளிப்பை பேட்டரியில் மாட்டிவிட்டு மூடியதுதான். அப்புறம் யார் தூக்கிப் பார்த்தது?

வண்டியை அணைத்துவிட்டுத் தூக்கினேன். என் கறுப்பு வயருக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கிளிப். வெள்ளை வயர். பேட்டரி மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

'உன் பழைய பெட்டிக்கு நிறுத்தத் தெரியாது. நிறைந்த பிறகும் ஏற்றி ஏற்றி, பேட்டரியைக் கொதிக்க வைத்தே கொன்றுவிடும். அதனால் என்னுடையதை மாட்டியிருக்கிறேன். இது தானாக நின்றுகொள்ளும். தயவுசெய்து பிடுங்காதே. தைஸ்தோ.'

கீழே தேதி போட்டிருந்தார். அவரை வெட்கப்படச் சொல்லி நான் போர்டில் ஒட்டியதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.