ஜோடிப் பொம்மைகள்

அகதிப் பெண்களின் தையல்கூடத்தில் அந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனி அறை. கூடத்துக்கு அதுதான் நல்லது.

அவர்களிடம் நியாயமான விலை கொடுத்துப் பொம்மைகள் வாங்கும் கடைக்கார அம்மா, மருமகளிடம் துள்ளிக்கொண்டு வந்தார்.

“உன் சிடுமூஞ்சி பொம்மைக்குக் கடையில அடிதடியே நடக்குதும்மா. மூக்கு நுனியில கண்ணாடி, முறைக்கிற முழி... யாரைப் பார்த்துத் தைச்ச?”

பக்கத்து அறையிலிருந்து மாமியார் தலையை நீட்டினார். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது.

மருமகள் குனிந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். “சும்மா, மனசுக்குத் தோணினதுங்க.”

“எல்லாரும் ஜோடியாத்தான் கேக்கறாங்க. உன் மாமியார் தைக்கிற தூங்குமூஞ்சியோட சேர்த்து.”

கடைக்கார அம்மா பையிலிருந்து அதை எடுத்தார். கையில் ஊசியோடு வாயைப் பிளந்து தூங்கும் பொம்மை. கன்னத்தில், மருமகளுக்கு இருக்கும் அதே மச்சம்.

“இது யாரைப் பார்த்துத் தைச்சது அத்தை?”

“சும்மா, மனசுக்குத் தோணினதுதான்,” என்றார் மாமியார், கண்ணாடியை மேலே தள்ளிவிட்டபடி.