காணாமல் போன ரோடியம்

"கேட்ல ஆள் உக்காந்திருக்கும்போதே காரை அறுத்துட்டுப் போயிருக்கான். அப்புறம் நமக்கு வாட்ச்மேன் எதுக்கு?"

மதலைமுத்துவின் குரல் விவேக் நகரின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கக் கேட்டது. அவர்தான் அங்கே செயலாளர். ஞாயிறு பூசைக்குக் கிளம்பிக் காரைக் கிளப்பினால் அது லாரி மாதிரி உறுமியது. கார் கம்பெனியில் வேலை பார்க்கும் மாடி வீட்டு ஷெர்வின், செல்போன் வெளிச்சத்தில் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

சைலன்சருக்கு முன்னால் இருக்க வேண்டிய டப்பாவையே காணோம் என்றான். பெட்ரோல் புகையின் நஞ்சை முறிக்கிற டப்பாவாம். அதற்குள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கல், அதன்மேல் பூச்சாக ரோடியம், பல்லேடியம்.

"ரோடியம்னா சும்மா இல்ல அங்கிள். முக்கால்வாசி தென்னாப்பிரிக்காவுலதான் கிடைக்குது. டன் கணக்குல பாறையை உடைச்சு, உருக்கி, ஆசிட்ல கரைச்சாத்தான் கொஞ்சூண்டு தேறும். தங்கமெல்லாம் அதுக்குக் கிட்டக்கூட வராது. இதுக்குன்னே ஊர் ஊரா திருடறாங்க."

தங்கத்தைவிட உசத்தியான ஒன்றின்மேல் இத்தனை காலம் உட்கார்ந்து போயிருக்கிறோம், அது தெரிவதற்குள் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். மதலைமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

வாட்ச்மேன் நாராயணசாமி கைகட்டி நின்றார். ஆனேக்கல் பக்கத்துக்காரர். கீழே தண்ணீர் மோட்டார் பக்கத்து அறைதான் அவருக்கும் மனைவிக்கும் வீடு. வேலை போனால் அதுவும் போகும்.

"மாதா சத்தியமா வெளியாளு ஒருத்தரும் உள்ள வரல சார்" என்றார் அவர். சாருக்காகத் தன் சாமியை விட்டுவிட்டு மாதாவைக் கூப்பிட்டிருந்தார்.

"அப்போ ரோடியத்துக்குக் கால் முளைச்சுதா? நீ தூங்கியிருக்கணும், இல்ல கூட்டு சேர்ந்திருக்கணும். ரெண்டுல எதுவானாலும் நீ இங்க வேண்டாம். விசிலை வெச்சிட்டு ரூமைக் காலி பண்ணு."

விசாரிக்காமல் வாயை விடாதீர்கள் என்று காருக்குள்ளிருந்து மனைவி பெர்னதெத் சொல்லிப் பார்த்தாள். நியாயம் பேசுகிற நேரத்தில் குறுக்கே வராதே என்று அவளுக்கும் ஒரு பாட்டு விழுந்தது. நாராயணசாமி கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி பானட்மேல் வைத்துவிட்டு, தளர்ந்த நடையில் கேட்டுப் பக்கம் போனார்.

அதற்குள் மெக்கானிக் டேரில் வந்து சேர்ந்தான். மதலைமுத்துவுக்கு ஊரில் நம்பிக்கையான ஒரே ஆள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்யும் முதல் பிளம் கேக் அவனுக்குத்தான் போகும்.

"பாரு டேரில், எப்படி அறுத்திருக்கான் பாரு. திருட்டுப் பய கையில கிடைச்சான், தோலை உரிச்சிடுவேன்."

டேரில் காருக்கு அடியில் புகுந்தான். வெளியே வந்தவன் கையைத் துடைத்தபடி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு மதலைமுத்துவைத் தோளோடு அணைத்துத் தூணோரமாக நடத்திப் போனான்.

"சும்மா கத்தாதீங்க அங்கிள். யாரும் அறுக்கல. நான் வெச்ச பைப்புதான் வெல்டிங் விட்டுத் தொங்குது."

"நீ வெச்ச பைப்பா?"

"மறந்துட்டீங்களா? வண்டி இழுக்கல, மைலேஜ் இல்ல, அடியில ஏதோ டப்பா அடைச்சிட்டிருக்கு, கழட்டி எறின்னீங்க. டப்பாவை என்ன பண்றதுன்னு கேட்டேன். குப்பைதானே, நீயே எடுத்துக்கன்னீங்க. அதான் நான் கூலியே வாங்கல. அந்த நன்றிக்குத்தானே வருஷா வருஷம் கேக் அனுப்பறீங்க?"

மதலைமுத்து காரைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள், திருடன் யாருன்னு தெரிஞ்சுதா?" காரருகில் இருந்து ஷெர்வின் குரல் கொடுத்தான். "பேரைச் சொல்லுங்க, போலீஸுக்குப் போன் போடறேன்."

காலையிலிருந்து ஓயாமல் கத்திய மதலைமுத்து பானட்மேல் கிடந்த விசிலை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.