சந்திரமதி விடவில்லை

"என் கலை வாழ்க்கை முடிந்தது ஒரே ஒரு சொல்லால். 'வேண்டாம்!'"

சொல்லிவிட்டு ஞானசேகரன் தண்ணீர் குடித்தார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் அந்தச் சிறிய அரங்கில் எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். அங்கே அவர் மனைவி சந்திரமதி, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் மகள் அனுப்ரியா. அவளுக்கு முகம் சுட்டது.

இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வருந்தும் ஒருவனைப் பற்றிய பழைய கவிதை பற்றித்தான் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். கவிதையைச் சீக்கிரமே முடித்துவிட்டார். மிச்சமெல்லாம் அவர் கதைதான்.

நாடகக் குழு நடத்திய நண்பர் மாசிலாமணி, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் நடிக்க வா என்று கூப்பிட்டாராம். மனைவி விடவில்லையாம். துறைமுக வேலையிலேயே கிடந்து, பதவி உயர்ந்து, ஈசூனில் பெரிய வீடு வாங்கி, வருந்திக்கொண்டே வாழ்ந்தாராம்.

கேள்வி நேரத்தில் உம்மு சல்மா என்ற ஆசிரியை தயங்கித் தயங்கிச் சந்திரமதியைக் கேட்டார், அன்றைக்கு ஏன் தடுத்தீர்கள் என்று.

சந்திரமதி எழுந்தாள். "அப்ப பயமா இருந்துச்சும்மா. தப்புதான்."

அரங்கம் உச்சுக்கொட்டியது. மன்னித்துவிட்டேன் என்பதுபோல ஞானசேகரன் கையசைத்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வெளியே அவர் செல்ஃபிகளுக்கு நின்றுகொண்டிருக்க, அனுப்ரியா அம்மாவைத் தனியே இழுத்துப் போனாள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. கேட்கும்போதெல்லாம் அம்மாமேல் கோபம் வரும்.

"அது அப்பாவோட லைஃப் லா. நீங்க யாரும்மா டிசைட் பண்ண?"

சந்திரமதி கூட்டத்தின் நடுவே சிரித்துக்கொண்டிருந்த கணவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"மாசிலாமணி அண்ணன் வந்து கேட்டப்ப நான் சரின்னுதான் சொல்ல இருந்தேன். நான் வேலைக்குப் போறேன், நீங்க நடிங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பாதான் என்னைக் கிச்சனுக்குக் கூட்டிட்டுப் போய், 'மாசச் சம்பளத்த விட்டுட பயமா இருக்கு, நீ விடமாட்டேன்னு சொல்லிடு'ன்னாரு."

அனுப்ரியா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"அதை அங்க சொல்லியிருக்கலாமே. ஏன் பொய்க்குத் துணை போறீங்க?"

"அவரு பொய் சொல்லல அனு. சொல்லிச் சொல்லி அவரே நம்பிட்டாரு. இப்பப் போய் உண்மையச் சொன்னா, பாவம், இந்த வயசுல அவரு தன்மேலயே கோபப்படணும். பழக்கமில்லாத ஆளு, தாங்கமாட்டாரு."