சின்னது போதும்!

“கொசு அடிக்கக் கோடாலி எதுக்குங்கறேன்? சின்னது போதும்!” என்று எகிறினார் ஸ்டுடியோக்காரர்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். போட்டோ எடிட் பண்ண இரண்டு சாஃப்ட்வேர் கொண்டுவந்திருந்தார். ஒன்று, இப்போது இருப்பதன் புதுப் பதிப்பு. மலிவு. வெளிச்சம் கூட்டலாம், ஓரம் வெட்டலாம். இன்னொன்று பெரிய தொழில்காரர்கள் வைத்திருப்பது. விலையைக் கேட்டாலே வியர்க்கும்.

அந்த ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவர், எடிட் பண்ணுவது அவர் மனைவி.

“எனக்குப் பெரிசுதான் வேணும்,” என்றாள் அவள்.

“பார்த்தீங்களா? கிழிஞ்ச கேமரா பையை எட்டு வருஷமா தச்சுத் தச்சுக் குடுத்தவ, இன்னிக்கு மகாராணி ஆயிட்டா! இருபத்திரண்டு வருஷமா எடுக்கறேன். என் படத்துக்கு எடிட்டிங்கே தேவையில்ல.”

“ஆமா, பெருமைக்கு ஒண்ணும் குறைச்சலில்ல.”

இந்தம்மாவுக்கு ஏன் இவ்வளவு வீம்பு என்று கடைக்காரருக்கே தோன்றியது.

அதற்குள் ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார். ஸ்டுடியோக்காரர் அவரை உள்ளறைக்கு அழைத்துப் போனதும், அவள் அவசரமாக ஒரு படத்தைத் திறந்தாள். கைக்குழந்தை ஒன்று பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. ஆனால் கண்ணும் வாயும் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

“இந்த ஆட்டத்தை எது சரிபண்ணும்?”

“பெரிசுதாங்க. சின்னதுல மணிக்கணக்கா மல்லுக்கட்டணும். யாரு எடுத்தது? கத்துக்குட்டியா?”

“அவர்தான்.” அவள் குரல் இறங்கியது. “ஆறு மாசமா கை நடுங்குது. மாத்திரை சாப்பிடறார். இங்க ஸ்டாண்டுல வச்சு எடுக்கறது பரவாயில்ல. வெளி ஆர்டர்னா இப்படி ஆயிடுது. நான் சரிபண்ணின படத்தைத்தான் அவர் கண்ணுல காட்டுவேன். தெரிஞ்சா அன்னிக்கே கேமராவைக் கீழ வச்சிடுவார். அது இல்லாம அந்த மனுஷன் இருக்க மாட்டாருங்க. சொல்லிடாதீங்க.”

கடைக்காரர் பெரியதையே கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார்.

கிளம்பும்போது ஸ்டுடியோக்காரர் வண்டிவரை கூடவே வந்தார். சரியான பாட்டு விழப்போகிறது என்று கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பெரிசைத்தானே போட்டீங்க?”

“ஆ... ஆமாங்க.”

“அப்பாடா!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “என் கை ஆடினதையெல்லாம் அந்தச் சின்னதை வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா அழிச்சு, அவளுக்குக் கழுத்துவலியே வந்துடுச்சு. நானே வாங்குன்னா கண்டுபிடிச்சிடுவா. வேண்டாம்னு கத்தினாத்தான் வீம்புக்கு வாங்குவா.”

ஸ்டுடியோக்காரர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சொல்லிடாதீங்க. பாவம், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சு நிம்மதியா இருக்கா.”