அம்மாவுக்கு என்ன ஆச்சு?

“வாங்க மேடம், உக்காருங்க மேடம்!”

அவள் கதவைத் திறந்ததும், லேப்டாப் முன்னால் டை கட்டி உட்கார்ந்திருந்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஏசி அறையிலும் நெற்றியில் வியர்வை.

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. வேலை கேட்டு வந்தவளைப் பார்த்து யாராவது எழுந்து நிற்பார்களா? வரவேற்பில் இருந்த பெண் “மூணாவது ரூம்” என்று தெளிவாகத்தானே சொன்னாள்?

குழந்தைக்காக வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. போன இரண்டு கம்பெனியிலும், “இத்தனை வருஷம் வீட்டுல சும்மாவா இருந்தீங்க?” என்று கேட்டே அனுப்பிவிட்டார்கள். இவரோ அந்தப் பேச்சையே எடுக்காமல் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

திரையில் ஒரு வரி: #அம்மா /பாத்திரக்@ &கடை%

“நடுவுல இருக்கிற குறியெல்லாம் போகணும், கடை பேரு மட்டும் நிக்கணும். அஞ்சு குறியையும் வரிசையா எழுதி, ‘இதை நீக்கு’ன்னு போட்டேன். ஒண்ணுகூட அசையல. ஏன் மேடம்?”

ஓகோ, பரீட்சை ஆரம்பித்துவிட்டது! அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அஞ்சும் அதே வரிசையில ஒட்டிக்கிட்டு வந்தாத்தான் சார் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்கும்.”

“அடடே! அப்போ, எழுத்தை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிடுன்னு சொன்னா?”

தட்டினார். திரையில் வந்தது: அமம பததரக கட.

“ஐயையோ! அம்மாவுக்கு என்ன ஆச்சு?”

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் தெரியாதவர் மாதிரி என்னமாய் நடிக்கிறார்!

“புள்ளி, கால், கொம்பு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் தனித்தனிக் குறியாத்தான் சார் பாக்கும். அதையும் சேர்த்துத் துடைச்சிடுச்சு. எது வேணும்னு சொல்றதை விட்டுட்டு, எது வேண்டாம்னு சொல்லுங்க. அஞ்சையும் சதுர அடைப்புக்குள்ள போடுங்க. ‘இதுல எது வந்தாலும் எடுத்துடு’ன்னு அர்த்தம்.”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டே தட்டினார். ‘அம்மா பாத்திரக் கடை’ பளிச்சென்று வந்து நின்றது.

“சரியா மேடம்?”

“சரிதானே சார்?” என்றாள் அவளும்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். சம்பளம் பேசப் போகிறாரா, போய் வாருங்கள் என்று சொல்லப் போகிறாரா? ஒன்றும் புரியாமல் அவள் கைப்பையின் வாரைத் திருகினாள்.

கதவு திறந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒருவர் வேகமாக வந்தார்.

“மன்னிச்சுக்கணும், மீட்டிங் ஜவ்வு மாதிரி இழுத்துடுச்சு.” திரையை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். “அட! காலையிலேர்ந்து ஒருத்தராலயும் முடியலையே. யார் செஞ்சது?”

இவர் இன்னும் பெரிய அதிகாரியோ? அவள் திகைத்து எழுந்தாள்.

அதற்குள் டைக்காரர் கைகட்டி நின்றுகொண்டு சொன்னார்:

“பொய் சொல்ல மாட்டேன் சார். இன்டர்வியூவுக்கு வந்தவன்னுகூடப் பாக்காம, உங்க ஆபீசர் மேடமே பக்கத்துல உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க!”