அலமு அத்தை உள்ளே வரவில்லை

இரண்டாவது ஸ்பூன் கஞ்சியையும் சஞ்சய் அண்ணன் என் யூனிபார்ம் மேலேயே துப்பினார்.

காலை ஆறே முக்கால். நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கையை மட்டும் கழுவிவிட்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

சேரப்பணஞ்சேரியில் நான் ரூம் கேட்டுப் போன அன்று அவருடைய அம்மா அலமு அத்தை எந்த ஊர் என்று கேட்கவில்லை, என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. எந்த ஷிப்ட் என்று மட்டும்தான் கேட்டார்.

மாடி ரூமில் நாங்கள் மூன்று பேர், மூன்று ஷிப்ட். எப்போதும் யாராவது ஒருத்தி வீட்டில் இருப்போம். வாடகை பாதிதான். அதற்குப் பதில் அவர் மகனுக்கு ஊட்ட வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

சஞ்சய் அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்து நடந்ததில்லை, பேசியதில்லை. அம்மா கையால் தவிரச் சாப்பிட்டதும் இல்லை.

நான் வந்து பதினொரு நாள். நான் ஸ்பூனை எடுத்தால் போதும், அத்தை "கடைக்குப் போயாறேன்" என்று கிளம்பிவிடுவார். நான் தோற்றுப்போன பிறகு வந்து அவரே ஊட்டுவார்.

"பிள்ளையப் பெத்தது அவியளா, நாமளா?" என்று ரூமில் கூட இருக்கும் செல்வலட்சுமியிடம் புலம்பியிருக்கிறேன்.

மூன்றாவது ஸ்பூனுக்கு அண்ணன் வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

கிண்ணத்தை வைத்துவிட்டு, அத்தையைக் கத்திக் கூப்பிடலாம் என்று எழுந்து போனேன்.

கதவுக்கு அந்தப் பக்கம், சுவரோடு ஒட்டி நின்றிருந்தார் அத்தை. முந்தானையை வாயில் அடைத்திருந்தார்.

"ஏன்த்தே, இங்கனதான் நிக்கியளா? வந்து ஒரு வாய்..."

சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

"நான் செத்துப் பூட்டேன்னா இவன் துன்னுவானா இன்னான்னு பாத்துக்கினு கீறேன்," என்றார், காதுக்குள். "நீ போ இசக்கி."

உள்ளே போனேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது.

"அம்மா இல்லண்ணே," என்றேன், வெளியே கேட்கும்படி. "நான்தான் இருக்கேன்."

ஸ்பூனை நீட்டியபடியே இருந்தேன். கை வலித்தது. மாற்றவில்லை.

வெகுநேரம் கழித்து, விழுங்குகிற சத்தம் கேட்டது.

வாசலுக்கும் கேட்டிருக்கும்.